மூத்த மாமன் மடி

சீர்த்தட்டில் ஈ உட்காரவில்லை.

சுடர்விழி அதைத்தான் முதலில் கவனித்தாள். அய்யனார் கோயில் வேப்பமரத்தடியில், யாரோ விரித்துவிட்டுப் போன ஜமுக்காளத்தின் மேல் வரிசையாகப் பதினோரு தட்டுகள். பிளந்து வைத்த பலாச்சுளை, உடைத்த அச்சுவெல்லம், சரிகை மினுங்கும் பட்டு, குட்டித் தோடு இரண்டு. பத்தடி தள்ளி, கருப்பருக்குக் கிடாய் வெட்டி உரித்த இடத்தில் ஈக்கள் ஊர்க்கூட்டம் போட்டிருந்தன. அங்கிருந்து கிளம்பி வந்த ஒன்றிரண்டும் ஜமுக்காளத்தின் ஓரம்வரை வந்து, கண்ணாடியில் முட்டியது போலத் திரும்பிப் போயின. குனிந்து முகர்ந்து பார்த்தாள். அத்தனை பலாச்சுளைக்கும் சொட்டு வாசனை இல்லை.

"யாரு கொண்டாந்து வச்சது?" என்றாள் மாமியார் சொர்ணவல்லி.

"தெரியலையே அத்தே. நான் பொங்கல் வைக்கிற பக்கமா இருந்தேன்."

"சீரு வந்திருக்கு, மாமனக் காணோம். ஒங்கூட ஒரு ஆம்பளப் புள்ள பொறந்திருந்தா எனக்கு இந்த வம்பு உண்டா?"

குத்தல் பழகியதுதான். மகன் ரகுநாத்துக்கு மூன்று வயது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாகிவிட்டது. காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். சுடர்விழி ஒற்றைப் பிள்ளை. அதனால் அன்னவாசலிலிருந்து பெரியப்பா மகன் பாலாஜியை வரச் சொல்லியிருந்தாள். காலையில் அவன் போன் செய்தபோது குரலே எழும்பவில்லை.

"நேத்துவரைக்கும் நல்லாத்தான்க்கா இருந்தேன். விடியக்காலம் ஒரு அம்மா வந்து குடிக்கத் தண்ணி கேட்டுச்சு. குடுத்துட்டுத் திரும்புனேன். ஒடம்பெல்லாம் நொறுங்குற மாதிரி வலி. எந்திரிக்க முடியலக்கா."

ஆசாரி குழந்தைசாமி ஊசியைத் துடைத்துக்கொண்டே அதட்டினார். "தாயி, இன்னைக்குத் திங்கக்கெழம. பத்தரைக்கு எமகண்டம் ஆரம்பிச்சிரும். மாமன் வாராரா, இல்ல நானே மடியிலயும் வச்சுக் காதையும் குத்தவா? எனக்கென்ன நாலு கையா இருக்கு?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன், மண் குதிரைகளின் வரிசைக்கு நடுவிலிருந்து நாலு பேர் வந்தார்கள்.

முன்னால் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, சாந்தமான முகம். அவருக்குப் பின்னால் ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்தது போல முகம் கொண்ட ஒரு அம்மாள். அடுத்து, யாரையும் ஏறிட்டுப் பார்க்காத இளம்பெண் ஒருத்தி. கடைசியாக, ஊதா சட்டை போட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர்.

ஊதா சட்டையைப் பார்த்ததும் சுடர்விழி ரகுவை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

போன ஐப்பசி. ஆஸ்பத்திரி வார்டு. டெங்குவில் ரகுவுக்கு ஒன்பதாவது நாள். இந்த மனிதர் இதே சட்டையோடு கட்டில் கட்டிலாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். அவர் எழுந்த கட்டிலிலிருந்தெல்லாம் அழுகை கிளம்பியது. நாலாவது கட்டில். ஐந்தாவது. ஆறாவது கட்டில் ரகுவுடையது. அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டரையும் டீக்கடைக்காரரையும் கூப்பிட்டுப் பழகிய வாய், அவரையும் அப்படியே கூப்பிட்டது.

"அண்ணே! நீங்க யாருன்னு தெரிஞ்சு போச்சுண்ணே. எனக்குக் கூடப்பொறந்தவன் கெடையாது. ஒங்களையே கூடப்பொறந்த பொறப்பா நெனச்சுக் கேக்குறேன். எம்புள்ளயத் தொடாதீங்க."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "இத்தன காலத்துல என்னைய யாரும் அண்ணேன்னு கூப்புட்டதில்ல தங்கச்சி. தொடமாட்டேன். என்னைக்கும் தொடமாட்டேன். காதுகுத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லி விடு."

அவள் சொல்லி விடவில்லை. எப்படிச் சொல்வாள்?

இப்போது அவர் அருகில் வந்து நின்றார். பக்கத்தில் காற்று குளிர்ந்தது.

"பத்திரிகை வரல. பரவால்ல, தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை எதுக்குன்னு எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். அந்தப் பாலாஜி மடி நமக்கெதுக்கு? அக்காவ அனுப்பி நிறுத்தியாச்சு." அவர் குரல் தணிந்தது. "இவுக அக்கா, நோவு. அது சின்ன அக்கா, தனிமை. முன்னால நிக்கிறவரு எங்க மூத்தவரு, பசி. நான் கடைக்குட்டி. எல்லார் வீட்டுக்கும் கடைசியா வாரவன்."

"மாமன்மாரு வந்துட்டாங்கப்பா!" என்று யாரோ கத்த, கொட்டு முழங்கியது. ஆனால் சுடர்விழியின் காதில் விழுந்தது வேறு. கூட்டத்தில் ஓடிய முணுமுணுப்பு. 'அந்தம்மாவ எங்கேயோ பாத்துருக்கேன்.' 'இவரு நம்ம வீட்டுக்கு வந்தவராச்சே.' எல்லோருக்கும் அவர்களைத் தெரிந்திருந்தது. எங்கே என்றுதான் ஞாபகம் வரவில்லை.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. குவைத்திலிருந்து கணவன் அய்யப்பன், வீடியோவில். "எல்லாரையும் காட்டு சுடரு." அவள் போனைத் திருப்பினாள். சின்னவள் மெல்லத் தலை நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள்.

அய்யப்பனின் முகம் வெளிறியது. "இந்தப் பொண்ணு எப்படி அங்க? இங்கதான எங்க ரூம்ல... எங்கட்டிலுக்கு எதுத்தாப்புல தெனமும்... சுடரு, புள்ளயத் தூக்கிக்கிட்டு..."

திரை இருண்டது.

"நேரமாச்சு தாயி," என்றார் ஆசாரி.

ஊதா சட்டைக்காரர் வேப்பமரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியைத் தட்டினார். "வாங்க மருமகனே."

ரகு அவள் இடுப்பிலிருந்து அவரை நோக்கிக் கை நீட்டினான்.

அவள் இறுக்கிக்கொண்டாள். ஓடலாமா? எங்கே ஓடினாலும் வருகிறவர்தானே. மாட்டேன் என்றால், அவர் கொடுத்த வாக்கு என்ன ஆகும்? அந்த மடியில் பிள்ளையை எப்படி வைப்பது? வைத்துவிட்டு எப்படித் திரும்பத் தூக்குவது? அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, மூத்தவரு இருக்கையில இளையவரு மடியா? மொறை அதில்லையே."

"அதுவும் சரிதானப்பா," என்றது கூட்டம்.

பசி. வெறும் பசிதானே? குவைத்துச் சம்பளம் வருகிறது. வீட்டில் மூட்டை மூட்டையாக அரிசி இருக்கிறது. அதோ, முந்நூறு பேருக்குச் சோறு வெந்து கொண்டிருக்கிறது. பசிக்குப் போட அவளிடம் சோறு இருந்தது. மற்றவர்களுக்குப் போட ஒன்றுமில்லை.

கடைக்குட்டியின் முகம் சுருங்கியது. "நல்லா யோசிச்சுக்க தங்கச்சி."

"மூத்தவரு மடிதான்."

பின்னாலிருந்து சொர்ணவல்லி அவள் தோளைப் பற்றினாள். "ஆத்தா, வேணாம்த்தா. எனக்கு இப்பத்தான் வெளங்குது. மழை பொய்ச்ச வருஷம் அந்தப் பெரியவரு எங்க வீட்டுல மூணு மாசம் இருந்தாரு. இன்னைக்கு இருக்குற மாதிரியேதான் இருந்தாரு. எந்தம்பிங்க ரெண்டு பேரும் ராத்திரி பகலா அழுவானுங்க. அந்த ஊதா சட்டை வந்தப்புறந்தான் அழுகைய நிறுத்துனானுங்க." அவள் குரல் உடைந்தது. "அவரு மடியே தேவலைத்தா!"

தம்பிகளைக் கொண்டுபோனவர் மடியா தேவலை? சுடர்விழி தோளை உதறினாள். பிள்ளையைக் கொண்டுபோய்ப் பெரியவர் மடியில் வைத்தாள்.

பெரியவர் ரகுவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து ஒருமுறை தடவினார். ஆசாரி வலது காதில் ஊசியை இறக்கினார். பிள்ளை அழவில்லை. இடது காது. அழவில்லை. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை.

கொட்டுச் சத்தம் நின்றது.

"அம்மா, பசிக்கிது," என்றான் ரகு.

அவ்வளவுதானா? அவள் சிரித்தேவிட்டாள். சர்க்கரைப் பொங்கலை எடுத்து ஊட்டினாள். கிண்ணம் தீர்ந்தது. பசிக்கிதும்மா. இன்னொரு கிண்ணம். பந்தி இலையில் உட்கார வைத்தாள். இலை காலி. பக்கத்து இலை காலி. எதிர் இலையில் சாப்பிட்டவர்கள் எழுந்துகொண்டார்கள். "புள்ளைக்கு நல்ல பசி," என்று சிரித்த சமையல்காரர், மூன்றாவது வாளிக்குப் பிறகு சிரிக்கவில்லை. ஐந்தாவது வாளியில் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

வயிறு ஏறவே இல்லை. முதுகோடு ஒட்டியிருந்தது. காலையில் பூசிய சந்தனம், வற்றிப்போன கன்னத்தில் பாளம் பாளமாக வெடித்தது.

"பசிக்கிதும்மா."

கறி. குழம்பு. வேகாத அரிசி. தட்டில் இருந்த பலா. அதன் கொட்டை. தோல். சீர்ப் பட்டின் நுனி.

கூட்டம் கலைந்து ஓடியது. வேன் கதவுகள் அறைந்து சாத்தப்பட்டன. சொர்ணவல்லி மட்டும் மண்ணில் உட்கார்ந்து, தம்பிகளின் பேரைச் சொல்லி அழுதாள்.

நாலு பேரும் குதிரைகளை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். சுடர்விழி ஓடினாள். விழுந்தாள். எழுந்து மறுபடி ஓடி, ஊதா சட்டையைப் பிடித்தாள்.

"அண்ணே! இத நிறுத்துங்கண்ணே!"

"மூத்தவரு குடுத்தத நான் எப்படித் திருப்ப முடியும்?"

"அப்பன்னா..." சொல்லக் கூடாத வார்த்தை. தாய் சொல்லவே கூடாத வார்த்தை. சொன்னாள். "அப்பன்னா நீங்க வாங்கண்ணே. எம்புள்ளைக்கு நீங்களே வாங்க."

அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் விடுவித்தார். கண் கலங்கியிருந்தது.

"எம்மடியில வச்சிருந்தா, காதைக் குத்தி முத்தம் குடுத்துத் திருப்பித் தந்திருப்பேன். மருமகன எந்த மாமனாவது கொண்டுபோவானா? நீ நம்பல. இருந்தாலும் ஆஸ்பத்திரியில சொன்ன சொல்லு சொல்லுதான். நான் தொடமாட்டேன் தங்கச்சி. என்னைக்கும்."

குதிரைகளுக்குப் பின்னால் போனார்கள். அங்கே யாரும் இல்லை.

பின்னால் ஒரு சத்தம். சோற்று அண்டாவுக்குள் சுரண்டும் சத்தம். நகம் வைத்து. அடியோடு. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சுரண்டல் நின்றது.

சின்னக் காலடிகள் வந்தன. மெதுவாக. புதுத் தோடுகள் வெயிலில் மின்ன, எலும்பும் தோலுமாக ரகு அவள் முன்னால் வந்து நின்றான். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"பசிக்கிதும்மா."

அவள் சுண்டுவிரலைப் பிடித்தான். தயங்கினான். வாயருகே கொண்டுபோனான்.

சுடர்விழி கையை இழுத்துக்கொள்ளவில்லை.