வந்திருப்பவர் யார்?

காலை எட்டரை மணிக்கு, அப்பாவுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்ற செய்தி மாசிலாமணிக்கு வந்துவிடும். பல் விளக்கிக்கொண்டே அதைக் கண்ணாடியின் மூலையில் பார்ப்பான், வாயைக் கொப்பளிப்பான், அத்தோடு மறந்துவிடுவான். ஒன்பது வருடங்களில் ஒரு நாள்கூட அது பிசகியதில்லை. அன்று வந்த செய்தி சிவப்பாக இருந்தது. வாய் நிறைய நுரையோடு அதை மூன்று முறை படித்தான்.

ஏற்காடு நிழல்வனம் முதியோர் இல்லம், அறை நாற்பத்தொன்று, லோகித், வயது எண்பத்து நான்கு. அலைமதி அறிகுறி. இரண்டு சோதனைகளில் தவறான பதில். மூன்றாவது சோதனை பகல் பன்னிரண்டு மணிக்கு. அதிலும் தவறினால் உறக்கப் பிரிவு.

(லோகித், ஆதவ் என்பதெல்லாம் அந்தக் காலத்தில் கிழவர்களின் பெயர்கள். பிள்ளைகளுக்கு மாசிலாமணி, வடமலை என்று வைப்பதுதான் நாகரிகமாக இருந்தது.)

அலைமதி என்பது மறதிநோய் அல்ல. மறதி வருடக்கணக்கில் மெல்ல அரிக்கும். அலைமதியோ படுத்து எழுவதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நேற்று வரை நன்றாகப் பேசிய மனிதர் இன்று இல்லாத பூனையை விரட்டுவார், அல்லது சுவரைப் பார்த்தபடி பேச்சற்றுக் கிடப்பார். சிறுநீரில் கிருமி, உடம்பில் நீர் வறட்சி, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை என்று ஏதாவது காரணம் இருக்கும். உடனே கண்டுபிடித்தால் ஓரிரு நாளில் சரியாகும், விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். போன நூற்றாண்டில் 'வயசானா அப்படித்தான்' என்று சொல்லியே எத்தனையோ பேரைக் கைவிட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் தெளிமானி வந்தது. தூக்கத்தை அளக்கும், பேச்சைக் கேட்கும், நாளுக்கு மூன்று முறை கேள்வி கேட்கும். நல்ல கருவிதான். அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

காரணம் அகப்படாத அலைமதிக்குத்தான் உறக்கப் பிரிவு. நாற்பது நாள் மூளையை உறங்கவைத்து எழுப்புவார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் எழுந்தார்கள். எழுந்தவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் பெயர் தெரியவில்லை. அப்பாவின் ரத்தமும் சிறுநீரும் சுத்தமாக இருக்கின்றன என்று செய்தியின் கடைசி வரி சொன்னது.

மாசிலாமணி இல்லத்தைக் கூப்பிட்டான். திலகவதி என்ற செவிலி பேசினாள். விதிப்படி உறவினரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதுதான் எல்லாச் சோதனையிலும் முக்கியமானது என்றாள்.

"உங்க அப்பா வழக்கத்தைவிட வேற மாதிரி இருக்காரா சார்?"

அவன் வாயைத் திறந்தான். வழக்கம் எப்படி என்று யோசித்தான். அப்பா அதிகம் பேசுவாரா, குறைவாகப் பேசுவாரா? காப்பிக்குச் சர்க்கரை போடுவாரா? ஒன்றும் பிடிபடவில்லை.

"பரவால்ல சார்" என்றாள் திலகவதி, அவன் சங்கடத்தைப் போக்குகிற குரலில். "உங்க பதிலிகிட்ட கேட்டுக்கறோம். அதுக்கு எல்லாம் தெரியும்."

பதிலி என்றால் அவனைப் போலவே செய்த இயந்திரம். அதே முகம், அதே குரல், தொட்டால் அதே சூடு. மாதம் இரண்டு முறை கிடங்கிலிருந்து கிளம்பிப்போய் அப்பாவோடு அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரும். கையெழுத்துப் போடுகிற உரிமைகூட அதற்கு உண்டு. அந்த இல்லத்தில் பதிலி அனுப்பாத பிள்ளை இல்லை, நேரில் வந்த பிள்ளையும் இல்லை. இதில் லோகித் குறைசொல்ல வழியில்லை. பெற்றவர்களுக்குத் தினமும் காலை வணக்கமும் ரோஜாப்பூப் படமும் கைப்பேசியில் அனுப்பிக் கடமையை முடித்த தலைமுறை அவருடையது. பதிலி அந்த ரோஜாப்பூவின் பேரன்தான்.

அப்பா அப்படி என்ன தவறான பதில் சொன்னார் என்று கேட்டான்.

"'என் பையன் இன்னிக்கு நேர்ல வர்றான், பதிலி இல்ல, அவனே வர்றான்'ங்கறார். இந்த இல்லத்துல இதுக்கு முன்னாடி அப்படிச் சொன்ன எல்லாருக்குமே அலைமதிதான் சார். தெளிமானி இதைவிட உறுதியான அறிகுறி வேற இல்லன்னு கத்துக்கிட்டிருக்கு."

மாசிலாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. போன வாரம் கைப்பேசியில் அப்பாவோடு பேச்சை முடிக்க வழி தெரியாமல், அடுத்த வியாழக்கிழமை நானே நேரில் வருகிறேன் என்று சொல்லியிருந்தான். வழியில் பார்ப்பவரிடம் 'ஒரு நாள் வீட்டுக்கு வாங்க' என்போமே, அந்த மாதிரி சொன்னது. அன்று வியாழக்கிழமை. அப்பா ஒரு வார்த்தையும் பிதற்றவில்லை. மகன் வாயில் வந்ததை அப்படியே நம்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

நான் வருவது நிஜம், குறித்துக்கொள்ளுங்கள் என்றான். எல்லாக் குடும்பங்களும் அப்படித்தான் சொல்வார்கள், தெளிமானி வாக்குறுதியை ஏற்காது என்று அவள் பொறுமையாக விளக்கினாள். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

எழும்பூருக்குப் போகவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. சென்னையின் தெருக்களை எந்த நூற்றாண்டும் திருத்தப்போவதில்லை. அங்கிருந்து சேலத்துக்குக் குழாய் ரயிலில் இருபத்திரண்டு நிமிடம். இந்த இருபத்திரண்டு நிமிடத்தைத்தான் ஒன்பது வருடங்களாக ரொம்பத் தூரம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது நினைவுக்கு வர, இருக்கையில் உட்கார முடியவில்லை. வாசலருகே நின்றான், நடந்தான், திரும்பி வந்து நின்றான்.

மலையடிவாரத்தில் மணி பதினொன்று பத்து. தானியங்கி வண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே வேகத்தில்தான் ஏறும், கெஞ்சினாலும் கேட்காது. பத்தாவது வளைவில் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. கருவி சொல்வது சரியாகவே இருந்தால்? அப்பாவுக்கு நிஜமாகவே அலைமதி வந்திருந்து, நான் போய் அதை மறைத்துவிட்டால்? பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தான். எதை வைத்துத் தெரியும்? ஒப்பிட்டுப் பார்க்க அவனிடம் பழைய அப்பா ஒருவர்கூட இல்லை. உள்ளங்கை வேர்த்தது. சட்டையில் துடைத்துக்கொண்டான், மறுபடி வேர்த்தது.

இல்லத்தின் வாசற்கதவு அவன் முகத்தைப் பார்த்ததும் அன்போடு திறந்தது. மாசிலாமணியின் பதிலியை வரவேற்பதாகவும், இந்த மாதத்தின் இரண்டாவது வருகை குறித்துக்கொள்ளப்பட்டதாகவும் சொன்னது. மணி பதினொன்று நாற்பத்தெட்டு.

நான் பதிலி அல்ல, நிஜ மகன் என்று வரவேற்பறையில் கத்தினான். திலகவதி வந்தாள். இளம்பெண், தூக்கமில்லாத கண்கள், ஆனால் முகத்தில் எரிச்சல் இல்லை.

"எல்லாப் பதிலியும் அதைத்தான் சொல்லும். அப்படிச் சொல்லணும்னுதான் வீட்டுல சொல்லி வாங்கறாங்க" என்றாள்.

விரலைக் குத்தி ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்றான். பயனில்லை என்று அவள் தலையசைத்தாள்.

"போன வருஷத்துல இருந்து அதுங்களுக்கு ரத்தமும் வருது. பெரியவங்க சந்தேகப்படறாங்கன்னு குடும்பங்க கேட்டுச் செஞ்சது."

அப்படியானால் கிடங்கில் கேளுங்கள், என் பதிலி அங்கே அலமாரியில்தானே நிற்கும் என்றான். அவளும் மறுக்காமல் கேட்டுப் பார்த்தாள். கோரிக்கை பெறப்பட்டது, மூன்று வேலை நாட்களில் பதில் தரப்படும் என்று வந்தது. அவன் ஓடினான். அவளும் கூடவே ஓடினாள்.

நாற்பத்தொன்றாம் அறையின் வாசலில், உறக்கப் பிரிவின் சக்கரக் கட்டில் விரிப்பு மாற்றித் தயாராக நின்றது. உள்ளே லோகித் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தார். முகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். ஆறு மணியிலிருந்து இப்படித்தான் உட்காராமல் நடக்கிறார், அதுவும் அறிகுறியில் சேர்ந்துவிட்டது என்று திலகவதி மெதுவாகச் சொன்னாள்.

அப்பா இவ்வளவு சிறுத்துவிட்டார் என்பது மாசிலாமணிக்குத் தெரியாது. கிட்டே போய்க் கையைப் பிடித்தான். அவர் அவன் உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தெளிமானி பேசத் தொடங்கிவிட்டது.

இன்று என்ன கிழமை? வியாழன். இது எந்த ஊர்? ஏற்காடு. மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்லுங்கள். பங்குனி, மாசி, தை என்று சித்திரை வரை தடுக்காமல் வந்தார். மாசிலாமணி மூச்சுவிட்டான்.

"வந்திருப்பவர் யார்?" என்று கேட்டது தெளிமானி.

"அப்பா, நான்தான்ப்பா" என்றான் அவன்.

லோகித் மகனைப் பார்த்தார். வாசலில் நின்ற சக்கரக் கட்டிலைப் பார்த்தார். அதில் போய்த் திரும்பி வந்த பக்கத்து அறைக்காரரை அவர் தினமும் பார்க்கிறவர். மறுபடி மகனின் முகத்துக்கு வந்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"பதிலி" என்றார். "நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. வேர்வைகூட இருக்கு."

தெளிமானி பச்சையாயிற்று. திலகவதிக்கு உண்மையிலேயே சந்தோஷம். தெளிந்துவிட்டார், கட்டிலைக் கொண்டுபோகலாம் என்று வெளியே குரல் கொடுத்துவிட்டு, ஒரு தொடுதிரைப் பலகையை மாசிலாமணியிடம் நீட்டினாள். உறவினரோ அவருடைய பதிலியோ உறுதிப்படுத்த வேண்டும். அதில் ஒரே வரி இருந்தது: நோயாளி கடைசியாகச் சொன்ன பதில் சரியா, தவறா?

தவறு என்றால் கட்டில் திரும்பி வரும். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அப்பாவைப் பார்க்க வந்தவன், மகன் வரவில்லை என்பதற்குச் சாட்சியாகச் 'சரி'யை அழுத்தினான்.

திலகவதி போன பிறகும் லோகித் அவன் கையை விடவில்லை. அப்பா தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? முகத்தை உற்றுப் பார்த்தான். மகன் என்றால் அந்த முகத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் வரவில்லை.

அரைமணி முடிந்து மணி அடித்தது. அப்பா அவன் காதருகே குனிந்தார்.

"என் பையன்கிட்ட ஒண்ணு சொல்லிடு தம்பி. பாசத்துல கெளம்பி நேர்ல வந்துறப் போறான், வேணாம்னு சொல்லு. அவன் வந்தா எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு எழுதிருவாங்க."

சொல்கிறேன் என்றான் மாசிலாமணி.