ஒரு ரயில் போகும் நேரம்

துஷ்யந்திக்குப் பொறுமை போய்விட்டது. ஐந்தாம் வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் அபிஷன், கணக்குக் கேட்டால் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்ப்பான். பார்த்துக்கொண்டே இருப்பான்.

ஜீவராணி ரீச்சர் பிள்ளைகளை இருவர் இருவராக இருத்தி, ஒருவருக்கொருவர் உதவச் சொல்லியிருந்தார். துஷ்யந்தியும் சும்மா இருக்கவில்லை. தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தாள். விரல் மடக்கிக் காட்டினாள். விடையைக்கூடக் காதுக்குள் ஓதிப் பார்த்தாள். எதுவும் சரிவரவில்லை. வெள்ளிக்கிழமையும் அவன் வாய் திறக்காவிட்டால், முன்னால் தனி மேசையில் இருத்தப்போவதாக ரீச்சர் சொல்லிவிட்டார். அந்த மேசையில் இருக்க யாருக்குத்தான் பிடிக்கும்?

அன்று இடைவேளையில் மறுபடியும் தொடங்கினாள். ஐம்பது மாம்பழத்தை ஆறு பேருக்குச் சமமாகக் கொடுத்தால் மிச்சம் எத்தனை?

"சொல்லன் அபிஷன். ஆறெட்டு எவ்வளவு? நாற்பத்தி..."

அதற்குள் ரயில் வந்துவிட்டது. வெள்ளவத்தை ரயில் பாதை, பள்ளிக்கூட மதிலுக்கு அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. ரயில் போகும்போது கத்தினாலும் கேட்காது. துஷ்யந்தி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

சத்தம் ஓய்ந்தது.

"ரெண்டு மிச்சம்," என்றான் அபிஷன்.

சரியான விடை! அவள் அவசரமாக அடுத்த கணக்கைக் கேட்டாள். வழக்கம்போல உடனே இடையிலும் புகுந்தாள். அபிஷனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் யோசிச்சுக்கொண்டு வரேக்க நீ கதைக்கிறாய். பிறகு நான் முதலிலயிருந்து தொடங்கோணும்."

துஷ்யந்திக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நாளும் அவனைக் குழப்பியது அவளேதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. நாற்பது பென்சிலை ஏழு பேருக்குப் பிரித்தால் மிச்சம் எத்தனை என்று ரீச்சர் கேட்டார். அபிஷன் மின்விசிறியைப் பார்த்தான். பின்வரிசையில் பஸீர் சிரித்தான். ரீச்சர் பெருமூச்சு விட்டு அடுத்த பிள்ளையின் பக்கம் திரும்பினார். ரயிலையும் காணவில்லை. தேவைப்படும் நேரத்தில் அது என்றைக்கு வந்தது?

துஷ்யந்தி எழுந்து நின்றாள்.

"ரீச்சர், ஒரு ரயில் போற நேரம் பொறுங்கோ. ஒருத்தரும் கதைக்காமல் இருந்தால் அவன் சொல்லுவான்."

ரீச்சர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வகுப்பு அமைதியானது. துஷ்யந்தியின் நாக்கு நுனியில் விடை துடித்தது. கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"அஞ்சு மிச்சம்," என்றான் அபிஷன்.

ரீச்சரின் முகம் மலர்ந்தது. தனி மேசையில் இனிப் பிள்ளைகள் எழுதும் கொப்பிகள்தான் இருக்கும், யாரையும் இருத்தப்போவதில்லை என்றார். இனி எந்தக் கணக்குக்கும் எல்லோரும் யோசித்து முடியும்வரை யாரும் விடை சொல்லக்கூடாது என்றும் சொன்னார்.

அடுத்த கணக்கு வந்தது. துஷ்யந்தியின் கை தானாக உயர்ந்தது. அவள் அதை இழுத்துத் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.