கைகளுக்கு மட்டும் மார்க்

மதியம் இரண்டு மணிக்கு டாக்டரம்மா வழக்கம்போல அந்த அறைக்குள் வந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தார். சர்ஜன்கள் ஆபரேஷன் செய்யும் வீடியோக்களைப் பார்த்து, கைத்திறமைக்கு ஐந்துக்கு எத்தனை என்று மார்க் போடுவது அவர் வேலை. முகம் தெரியாது, பெயர் இருக்காது. ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று குரலையும் நீக்கிவிடுவார்கள். கையுறை போட்ட இரண்டு கைகள் மட்டும்தான். டாக்டரம்மா மகா கறார். அவரிடம் ஐந்து வாங்கும் ஆள் இன்னும் பிறக்கவே இல்லை என்று மற்ற டாக்டர்கள் கேலி செய்வார்கள்.

போன வருஷம் ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு மார்க் போட்டார். ‘கை நடுங்குகிறது. இவரை ஆபரேஷன் செய்ய விடாதீர்கள்’ என்று எழுதினார்.

அது அவருடைய சொந்தத் தம்பியின் கை. மூளையில் கட்டி, நடுக்கம்தான் முதல் அறிகுறி. வேலையை விட்டு நிறுத்திய அவமானத்தில் தம்பி யாரிடமும் வாயே திறக்கவில்லை. விஷயம் தெரிந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. நாலே மாதத்தில் செத்துப் போனான். பாவம் அந்த மனுஷி, அன்றிலிருந்து சிரித்ததே இல்லை.

இன்றைக்குப் பத்து வீடியோ. பத்தையும் முடித்தார்.

பதினொன்றாவது தானாகத் திறந்தது.

அறை முழுக்க ஆபரேஷன் தியேட்டரின் மருந்து வாடை. திரையில் இரண்டு கைகள். இடது கை தையல் முடிச்சுப் போட்டு, லேசாக ஒரு சுண்டு சுண்டியது.

தம்பி மட்டுமே அப்படிச் சுண்டி முடிச்சுப் போடுவான். போன வருஷமும் அது கண்ணில் பட்டிருக்கும். நடுக்கத்தைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை.

திரையில் அந்தக் கைகள் நடுங்கின.

டாக்டரம்மா அவசரமாக ஐந்து மார்க் போட்டார். அழிந்தது. மறுபடியும் போட்டார். மறுபடியும் அழிந்தது.

"வேற என்னடா வேணும் உனக்கு?"

கைகள் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தன.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மார்க் போட்டாரே தவிர, ஒரு வார்த்தை கேட்டாரா?

"தம்பி… ஏன்டா கை நடுங்குது?"

காதோரமாய்க் குரல் கேட்டது. "தலை வலிக்குதுக்கா."

டாக்டரம்மா ஓவென்று அழுதார். பக்கத்து அறையிலிருந்து கணினிப் பிரிவுப் பெண் ஓடி வந்தாள்.

"என்னாச்சு மேடம்? யார்கிட்ட பேசுறீங்க?"

திரையில் பத்து வீடியோதான் இருந்தது.

மறுநாள் முதல் வீடியோவைத் திறந்தார். யாரோ முன்பின் தெரியாத சர்ஜன். துளி நடுக்கம் இல்லாத கைகள்.

"இன்னும் வலிக்குதுக்கா."