பச்சை மையும் கடுகெண்ணெயும்

கல்கத்தா, 1986. செவ்வாய்க்கிழமை காலை 11.10. ஒப்பிலக்கியத் துறை நூலகத்தில் பாஹா முர்மு போட்ட கூச்சலில் ஹூக்ளி ஆற்றில் இரண்டு படகுகள் திசை மாறின. குறைத்துத்தான் சொல்கிறேன்.

அன்று வந்த ஆய்விதழின் நாற்பத்தோராம் பக்கத்தில் அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம், வரிக்கு வரி அச்சாகியிருந்தது. பெயர் மட்டும் வேறு: பேராசிரியர் தீப்தேந்து லாஹிரி. அவளுடைய நெறியாளர்.

"நாலு வருஷம், தீதி! முட்டியளவு சேத்துல நின்னு கேட்டு எழுதின நடவுப் பாட்டு. இந்த ஆளு சேத்தை ரயில் ஜன்னல் வழியாத்தான் பார்த்திருப்பாரு!"

துறையில் எல்லாருக்கும் தீதி, அதாவது அக்காவான நூலகர் மந்திரா ஹாஜ்ரா கண்ணாடியைத் துடைத்தார். அச்சடித்த எதையும் விடாமல் படிக்கும் பெண்மணி; தீப்பெட்டியைக்கூட முன்னும் பின்னும் படித்துவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பார்.

"அத்தியாயத்தை அவர்கிட்ட எப்போ குடுத்தே?"

"பிப்ரவரியில. திருப்பித் தரவே இல்ல. என்கிட்ட இருக்கறது கார்பன் நகல்தான்."

"யாராவது பார்த்தாங்களா?"

"சாட்சி வெச்சுக் குடுக்க அது என்ன கல்யாணமா?"

வங்காளப் பாட்டுகளில் கணவன் வாணிபத்துக்குப் போவான், மனைவி பன்னிரண்டு மாதமும் காத்திருப்பாள். பாஹாவின் ஊர்ச் சந்தால் பழங்குடிப் பாட்டுகளில் பெண் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். வீட்டில் காத்திருப்பவன் ஆண். மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த முதல் ஆள் அவள்தான்.

பகல் 12.30. லாஹிரியின் அறை. யாருடைய விடுப்புக் கடிதத்திலோ பச்சை மையால் கிறுக்கி, அடியில் தேதி போட்டுக்கொண்டிருந்தார். தும்மினாலும் தேதி போடுகிற மனிதர்.

"திருடினது அவ, மந்திரா. ஜூன்ல டார்ஜிலிங்ல உக்காந்து நான் எழுதினது. ஜூலையில என் மேஜையிலேருந்து பார்த்து அடிச்சிருக்கா."

"அவ எழுதினதை நீங்க பார்க்கவே இல்லையா?"

"ஒரு தாள்கூட. வேணும்னா வீட்டைச் சோதனை போடுங்க. ஞாயித்துக்கிழமைதான் பழைய பேப்பர்க்காரன் வந்து வழிச்சு எடுத்துட்டுப் போனான். மிச்சம் இருக்கறது என் மனைவி மட்டும்தான்." சிரித்தார். "வெள்ளிக்கிழமை விசாரணை. அதோட அவ பதிவு ரத்து, ஹாஸ்டலும் காலி. பாவம், இந்த மாதிரிப் பொண்ணுங்களுக்கு ஆராய்ச்சியெல்லாம் கொஞ்சம் அதிகம்."

கோபம் வந்தால் மந்திராவுக்குப் பசிக்கும். நேரே வாசலுக்குப் போய், கடுகெண்ணெய் விட்டுக் கலந்த காரப்பொரி விற்கும் கானாயிடம் ஏதோ விசாரித்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தார். புதனும் வியாழனும் தின்றார். நூற்றுப் பதினேழு பொட்டலம், எண்ணியவன் களைத்துவிட்டான்.

"தீதி, வயித்துக்கு ஆகாது," என்றான் கானாய்.

"பேசாம பொட்டலத்தை மடி. மிளகாய் கூடப் போடு."

"என் வாழ்க்கையே போகுது, நீங்க பொரி தின்றீங்க!" என்று பாஹா சீறினாள்.

"நீயும் தின்னு. காகிதத்தை மட்டும் கீழே போடாதே."

வெள்ளி பிற்பகல் 3.00. மின்வெட்டு. மின்விசிறி நின்றுவிட்டது, பாஹாவின் மூச்சுக்காற்றில்தான் மேஜைக் காகிதங்கள் பறந்தன.

விசாரணைக் குழுத் தலைவர் சமாதானப் பிரியர். "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிடும்மா. எல்லாரும் டீ குடிச்சிட்டுக் கலையலாம்."

"திருட்டுக் குடுத்தவ மன்னிப்புக் கேக்கணுமா? அந்த டீயை அவருக்கே ஊத்துங்க!"

பாஹாவுக்குத் துணையாக வந்திருந்த மந்திரா குறுக்கிட்டார். "லாஹிரி ஸார், இவ தாள் எதையும் நீங்க பார்த்ததே இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்களேன். முடிஞ்சுடும்."

லாஹிரி பச்சைப் பேனாவை எடுத்து எழுதினார். கையெழுத்திட்டார். பழக்க தோஷம், தேதியும் போட்டார்.

மந்திரா அதன் பக்கத்தில் கடுகெண்ணெய் ஊறிய ஒரு தாளை விரித்தார். பாஹா தட்டச்சு செய்த பக்கம். ஓரத்தில் அதே பச்சை மை, அதே சுழித்த எழுத்து: 'ஆண் காத்திருக்கும் பாட்டா? நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்கே கிடைத்தது?' அடியில் தேதி, மார்ச் 9.

"திருடினது நீங்கதான், ஸார். எரிச்சிருந்தா தப்பிச்சிருப்பீங்க. ஆனா நம்ம ஊர்ல எந்த வீட்ல பேப்பரை எரிக்கறாங்க? எடைக்குத்தான் போடுவாங்க, அது பொட்டலமா மடிஞ்சு வரும். உங்க தெருப் பேப்பர்க்காரன் யாருக்குப் போடறான்னு கேட்டேன். நம்ம கானாய்க்குத்தான்! ஜூன்ல இதை எழுதினவர், மார்ச்சுல இவகிட்ட 'எங்கே கிடைத்தது'ன்னு ஏன் கேட்டார்?"

லாஹிரி தலைவரைப் பார்த்தார். தலைவர் நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தார்.

வேறொரு நெறியாளரிடம் பாஹா ஆய்வேட்டை முடித்தாள். வாய்மொழித் தேர்வில் ஒருவர் கடைசிப் பக்கத்தை இரு விரலால் தூக்கி மூக்கைச் சுளித்தார். "பின்னிணைப்புல இது என்னம்மா, எண்ணெய்க் கறை?"

"மூலத்தை உள்ளது உள்ளபடியே காட்டணும்னு," என்றாள் பாஹா, கோபம் ஒரு சொட்டும் ஆறாமல், "லாஹிரி ஸார்தான் சொல்லிக்குடுத்தாரு."