இன்னாசியின் சட்டை

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் வியாழக்கிழமை துவைக்கும் நாள். நாற்பது பேரின் துணிகள் ஒரே குடம் தண்ணீரில் வெளுத்துவிடும். அதற்கான கரைசலைத் தயாரிப்பவள் ரோஸ்லின். தூத்துக்குடிக்காரி, செவ்வாய்க்கு வந்து ஏழு வருடமாகிறது.

கரைசலில் இரண்டு வகை மூலக்கூறுகள். அழுக்குநீக்கியின் தலை தண்ணீரை நாடும், வால் எண்ணெயை நாடும். வால்களை உள்ளே மறைத்துக் கொத்தாகச் சேர்ந்து எண்ணெயை விழுங்கிக்கொள்ளும். மற்றது துணைக்கரைப்பி. அதற்கு வால் குட்டை, தனியாகக் கொத்து கட்ட வராது. ஆனால் அழுக்குநீக்கிகளின் நடுவே புகுந்துவிட்டால் அவை ஒன்றையொன்று தள்ளுவது குறையும். சிட்டிகை அளவிலேயே கலப்புக் கொத்துகள் உருவாகும். அவற்றுக்குத் தப்பிய வியர்வை கிடையாது.

ரோஸ்லின் ஒரு சட்டையை மட்டும் துவைக்கக் கொடுக்காமல் ஒளித்து வைத்திருந்தாள். பூமியில் விட்டு வந்த கணவன் இன்னாசியுடையது. அதில் மீன், டீசல், உப்பு, அவன் என எல்லா வாசமும் இருந்தது. இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பச் சுவாசிக்கும் ஊரில் துவைக்காத துணி வைத்திருப்பது குற்றம். ஒரு வியாழக்கிழமை சலவை இயந்திரன் அதைக் கண்டெடுத்துத் தனியே துவைத்துவிட்டது.

அவள் சலவைக்கூடத்துக்கு ஓடினாள்.

"அண்ணே, அந்தக் கழிவுத் தண்ணிய ஊத்திறாதிய!"

"அதுல என்னம்மா இருக்கு?" என்றார் பொறுப்பாளர் தாவீது.

"எங்க வீட்டுக்காரரு இருக்காரு."

தாவீது கழிவுத் தண்ணீர்க் குடுவையை அவளிடம் நீட்டினார்.

கொத்துகளை உடைக்க அவளுக்கு இருந்த ஒரே வழி, நிறையத் தண்ணீர் சேர்ப்பது. துணைக்கரைப்பி விலகிப்போகும், கொத்து தளர்ந்து, விழுங்கிய வியர்வை எண்ணெயைக் கைவிடும். ஆனால் தண்ணீருக்கு எங்கே போவது? தன் குடிநீர்ப் பங்கில் பாதியைத் தினமும் ஊற்றினாள். உதடு வெடித்தது. ஒன்பதாம் நாள் மேலே மெல்லிய படலம் மிதந்தது. நாலு சொட்டு. சிமிழில் எடுத்து முகர்ந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த மாத விண்கப்பலில் இன்னாசியே வந்து இறங்கினான். பாய்ந்து கட்டிக்கொண்டு அவன் கழுத்தில் முகம் புதைத்தாள். கழுவி வைத்த பீங்கான் தட்டு போலிருந்தான்.

"என்ன செஞ்சிய?"

"ஊசி போட்டுட்டம்லா! இனி ஆயுசுக்கும் வேர்வை மணக்காதுட்டி." அவன் முகமெல்லாம் பெருமை. "கல்யாணமான புதுசுல, மீன் நாத்தம்னு நீ அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பியே. ஒனக்காகத்தான்."

ரோஸ்லின் சிமிழைத் திறந்து நீட்டினாள். இன்னாசி ஒருமுறை முகர்ந்தான். சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"சே! எவம்ட்டி இவன், இப்படி நாறுதான்?"