மூன்றாம் தண்ணீர்

வரதனின் உள்ளங்காலில் கிளிஞ்சல் கிழித்த காயம் வீங்கவில்லை, சிவக்கவில்லை, பொருக்குத் தட்டவும் இல்லை. அம்மைக் காய்ச்சல் கண்ட அன்று கிழிந்த சதை, இப்போதுதான் அரிந்த மீன்துண்டு போல வெளுத்துத் திறந்தே கிடந்தது.

“வலிக்கலையா?” என்றாள் அவன் மனைவி பூவிழி.

“இன்னாத்துக்கு வலிக்கும்?” என்று சிரித்தான். எமனுக்கே டிமிக்கி கொடுத்தவன் என்று லைட்ஹவுஸ் குப்பமே அவனைக் கேலி செய்துகொண்டிருந்தது.

அம்மை போட்ட வீட்டில் குழந்தையை வைத்திருக்க மாட்டார்கள். நாத்தனார் மாலா பாப்பாவை ஆரம்பாக்கத்துக்குக் கூட்டிப்போயிருந்தாள். மூன்றாவது முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அழைத்து வரலாம். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று, இன்றே வரச்சொல்லிப் போன் செய்தவள் பூவிழிதான்.

கணினிக்குள் ஓர் உடலைக் கட்டி, அதில் வைரஸை விட்டு, உடம்பின் காவல் அணுக்கள் எப்படி எதிர்த்து நிற்கும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. சென்னை ஆய்வகம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே செய்கிறாள். நர்ஸைக் கெஞ்சி எடுக்கவைத்த அவன் ரத்தத்தின் அளவுகளை, வேப்பிலையும் கருவாடும் கலந்து மணந்த அந்த மதியத்தில் ஒவ்வொன்றாக உள்ளிட்டாள். வைரஸின் கோடு ஏறிக்கொண்டே போனது. எதிர்க்கும் கோடு கொஞ்சம் எழுந்து, சரிந்து, தரையோடு படுத்துவிட்டது. சண்டையே போடாத உடம்பில் காய்ச்சல் இறங்க அந்தக் கணக்கில் ஒரே வழிதான் உண்டு: உயிர் போய், உடம்பு குளிர வேண்டும்.

எங்கோ தப்பு செய்திருக்கிறோம் என்று திரும்பவும் ஓட்டினாள். அதே கோடு.

கொல்லையில், மூன்றாம் தண்ணீருக்காக வெயிலில் வைத்திருந்த மஞ்சள் வேப்பிலைத் தண்ணீர் நன்றாகச் சுட்டது. அவன் தலையில் ஊற்றினாள். முதுகில் வழிந்து கீழே வந்ததைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் பெட்டித் தண்ணீர்.

மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இல்லை. கழுத்தில். அங்கும் இல்லை.

“இன்னா தேடுற, பூவு?” அவன் திரும்பவில்லை.

வாசலில் ஆட்டோ சத்தம்.

“அண்ணி, தண்ணி ஊத்தியாச்சா? நைனா நைனான்னு ஒரே அழுவ இவ,” என்றது மாலாவின் குரல்.

குழந்தையை உள்ளே விடாதே. சொல்லத்தான் நினைத்தாள்.

அதற்குள் பாப்பா ஓடிவந்து அவனுடைய ஈர மடியில் ஏறினாள். அவன் அணைத்துக்கொண்டான். பூவிழி இழுத்தாள். கைகள் பிரியவில்லை. விறைத்திருந்தன.

பாப்பா அவன் மார்பில் காதை வைத்தாள்.

“அம்மா, உள்ள நெறைய பேரு கீறாங்க. என்னியும் வரச்சொல்றாங்க.”

சொல்லச் சொல்ல, அந்தச் சின்னக் கழுத்தில் கொப்புளங்கள் ஒவ்வொன்றாக எழும்பின.