பாறையில் ஒரு பெயர்

பனியில் லைலின் காலடி மட்டும்தான் இருந்தது. காரிலிருந்து பாறைவரை போனது ஒரு வரிசை, திரும்பி வந்தது ஒரு வரிசை. ஆனால் பத்து நிமிஷம் முன்பு அவர் வெள்ளையில் எழுதிய ‘டெவின்’ பாறையில் இல்லை. அந்த இடத்தில் மஞ்சள் ஈரமாய்ப் பளபளத்தது.

கல்லூரி வாசலில் கிடக்கும் அந்தப் பாறைக்கு யார் வேண்டுமானாலும் பெயிண்ட் அடிக்கலாம். பிறந்தநாள், கால்பந்து, காதல் எல்லாம் அதில்தான். அடித்தவர்கள் விடியும்வரை காவல் இருக்க வேண்டும். நகர்ந்தால் அடுத்த கூட்டம் மேலே அடித்துவிடும். எண்பது வருஷத்துப் பெயிண்ட். உள்ளே கல் எவ்வளவு என்று இப்போது யாருக்கும் தெரியாது.

போன ஏப்ரலில், மாணவர் சங்கம் ஒன்றின் வீட்டில் புதிதாய்ச் சேர்கிறவர்களைக் குடிக்க வைக்கும் சடங்கில், லைலின் மகன் டெவின் செத்துப்போனான். பத்தொன்பது வயது. நண்பர்கள் பாறையில் அவன் பெயரை எழுதினார்கள். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் அதன்மேல் வசந்த விழா அழைப்பு.

அதனால்தான் லைல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் காத்திருந்தார். பிள்ளைகள் எல்லாரும் ஊருக்குப் போயாயிற்று. பீட்சாக் கடைகூடப் பூட்டிக் கிடந்தது. மேலே அடிக்க ஆளில்லை. மூன்று வாரம் அவன் பெயர் நிற்கும். அவருக்கு வேறொன்றும் வேண்டாம்.

கல்லூரிக் காவலர் ஆர்லீன் ரோந்து வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

“ஏய் லைல், விடுதியில பூட்டு ரிப்பேர் பண்ற கைக்குப் பிரஷ் எதுக்குப்பா?”

“எவனோ மேல அடிச்சிட்டான், ஆர்லீன்.”

“எவன்? ஊர்ல நீ, நான், குளத்து வாத்து. அவ்வளவுதான்.” பிறகு குரல் தணிந்தது. “உன் பொண்டாட்டி பெக்கி தனியா இருப்பா. வீட்டுக்குப் போப்பா.”

“பேரு காயட்டும். போறேன்.”

வண்டி போனது. மறுபடி எழுதினார். இந்தத் தடவை நகரவில்லை.

மணி நாலரை. வெளிச்சம் நீலமாய் வடிந்துகொண்டிருந்தது; கொடிக்கம்பத்தில் கயிறு டக், டக்கென்று அடித்தது; பெயிண்ட் வாடைக்கு அடியிலிருந்து புளித்த பீர் வாடை ஒன்று மெல்ல எழுந்து வந்தது. காய்ச்சிய பாலில் ஆடை விலகுவதுபோல் பாறையின் தோல் அசைந்தது. வெள்ளை எழுத்துகள் உள்ளே இறங்கின.

யாரும் மேலே அடிக்கவில்லை. பாறைதான் விழுங்கியது.

பிறகு மஞ்சளும் அமிழ்ந்தது. அடியிலிருந்து நவம்பரின் சிவப்பு வந்தது. அக்டோபரின் ஆரஞ்சு. செப்டம்பரில் புதுப் பிள்ளைகளுக்கு எழுதிய வரவேற்பு. லைல் மாதங்களைப் பின்னோக்கி எண்ணினார். பயத்துக்குள்ளேயே ஓர் ஆசை. ஏப்ரல் வரும்.

வந்தது. ‘டெவின், உன்னை மறக்க மாட்டோம்.’

“நில்லு,” என்றார். “கொஞ்ச நேரம் நில்லு.”

நிற்கவில்லை.

அதற்கு அடியில் நீலம். அந்தச் சங்கத்தின் நீலம். டெவின் செத்த அன்று சாயங்காலம் புதுப் பையன்களைப் பதிக்க வைத்த கைத்தடங்கள். அதில் ஒன்றுக்கு ஆள்காட்டி விரல் பாதிதான். டெவினுக்கு எட்டு வயதில் புல்வெட்டும் இயந்திரத்தில் போனது.

லைல் கையுறையைக் கழற்றினார். உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

சூடு.

விரல்கள் மடங்கின. நாலரை விரல்கள். இறுகப் பிடித்தன.

ஓரத்திலிருந்து மார்ச் மாதப் பச்சை ஊறி வந்தது. நீலம் அமிழத் தொடங்கியது. கையும்தான். அவர் விட்டால் அது தனியாகப் போகும்.

அவர் மணிக்கட்டு உள்ளே போனது. முழங்கை. கன்னம் பாறையில் ஒட்டியது.

பச்சைக்குப் பின்னால், உள்பக்கம், ஒரு வாய் திறந்தது. மூச்சுக்கு இடமில்லாமல், மெல்லிய பெயிண்ட் தோலை உள்ளே இழுத்தது. விட்டது. இழுத்தது.

லைல் கையை விடவில்லை.